தொண்ணூறு பவுண்டுப் பாட்டு

தட்டில் சுழன்ற உலகம்: அத்தியாயம் 14

1956-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி அரசு விருந்தினராக டில்லிக்கு வந்தார். தூதரகங்களுக்கான சாணக்யபுரியை அப்போது கட்டிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கத் தூதரகத்துக்குப் பூமி பூஜை போட்டதே அந்த ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதிதான்; எட்வர்ட் டுரெல் ஸ்டோன் வரைந்த அந்தக் கட்டடம் திறக்கப்பட 1959 ஜனவரி ஆகிவிட்டது. ஒற்றர்களை எப்படி அமர்த்துவது, எதிரி நாட்டை எப்படி உடைப்பது என்று அர்த்தசாஸ்திரத்தில் விரிவாக எழுதிவைத்தவரின் பெயரில் ஒரு பேட்டை. அதற்குள் சாந்தி பத், சத்ய மார்க், நியாய மார்க், பஞ்சசீல மார்க். பெயர் வைத்த அதிகாரிக்குக் குறும்பு இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

எத்தியோப்பியத் தூதரகம் இருப்பது சத்ய மார்க்கில். இந்த அத்தியாயத்தின் நாயகன் ஜமைக்காவில் பிறந்த ஒரு இசைத்தட்டு. ஆனாலும் கதையை சத்ய மார்க்கிலிருந்து தொடங்குவதே முறை. ஏனென்றால் டில்லி சிவப்புக் கம்பளம் விரித்து வரவேற்ற அதே மனிதரை, பூமியின் மறுபக்கத்தில் கிங்ஸ்டன் நகரத்துச் சேரிகளில் கடவுள் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்திக்கு நம் வெளியுறவுத் துறைக் கோப்புகளில் இடமிருந்திருக்காது.

இந்தியாவுக்கு செலாசி புதியவர் அல்லர். 1935-இல் முசோலினியின் படை, அபிசீனியா என்று அப்போது அழைக்கப்பட்ட எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தபோது இங்கே காங்கிரஸ் கொதித்தது. 1936-இல் மனைவி கமலாவைப் பறிகொடுத்துவிட்டு ரோம் வழியாக நாடு திரும்பிய நேரு, முசோலினியைச் சந்திக்க வந்த அழைப்பை மறுத்தார். அந்த ஆண்டு மே 9-ஆம் தேதியை அபிசீனியா தினமாக அனுசரிக்கக் காங்கிரஸ் அறைகூவல் விடுத்தது. பிறகு 1941-இல் இத்தாலியரை விரட்டும் போரில் எரித்ரியாவின் கெரென் மலைகளில் ஏறியவை 4-ஆவது, 5-ஆவது இந்திய டிவிஷன்கள். 4-ஆவது டிவிஷனில் நம் மதராஸ் சாப்பர்ஸும் உண்டு. அந்த ஆண்டு மே 5-ஆம் தேதி செலாசி அடிஸ் அபாபாவுக்குத் திரும்பியதில் தமிழனின் மண்வெட்டிக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

அதன் பிறகு உறவு பலப்பட்டது. 1955-இல் பாண்டுங் மாநாட்டில் இரு நாடுகளும் கலந்துகொண்டன. ஹராரில் பேரரசர் தொடங்கிய ராணுவக் கல்லூரியை நடத்த இந்திய அதிகாரிகள் போனார்கள். பள்ளிக்கூடங்களுக்கு ஆயிரக்கணக்கில் இந்திய ஆசிரியர்கள் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தெற்கத்தியர், குறிப்பாக மலையாளிகள். எத்தியோப்பியாவில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு வந்து ஊரில் வீடு கட்டிய பெரியவர்களை நாகர்கோவில் பக்கத்தில் விசாரித்தால் இன்றும் சொல்வார்கள். அவர்களுக்கு செலாசி சம்பளம் கொடுத்த ராஜா. கிங்ஸ்டனில் கதையே வேறு.

ஜமைக்காவில் பிறந்த மார்கஸ் கார்வி, கறுப்பின மக்கள் ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப வேண்டும் என்று 1910-களிலிருந்தே முழங்கிவந்தவர். 1930 நவம்பர் 2-ஆம் தேதி ராஸ் தஃபாரி என்ற இளவரசர் ஹைலி செலாசி என்ற பெயரில் முடிசூடினார். ராஜாதி ராஜன், யூதாவின் சிங்கம் என்பவை அவருடைய பட்டங்கள். கார்வியின் முழக்கத்தைக் கேட்டுவந்த, பைபிளை வரிவரியாக மனப்பாடம் செய்துவைத்திருந்த ஜமைக்கா ஏழைகளுக்கு அந்தப் பட்டங்களை எங்கே படித்தோம் என்று சட்டென்று தெரிந்துவிட்டது: வெளிப்படுத்தின விசேஷத்தில். லியனார்ட் ஹவெல் என்பவர் 1933 வாக்கில் தெருமுனைகளில் நின்று, உங்கள் ராஜா லண்டனில் இருக்கும் ஜார்ஜ் அல்ல, எத்தியோப்பியாவில் இருக்கிறார் என்று பிரசங்கம் செய்தார். பேரரசரின் படத்தை ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். 1934-இல் ராஜத்துரோக வழக்கில் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ராஸ்தஃபாரி இயக்கம் பிறந்த கதை இது.

ஹவெல் தன் நூலை வெளியிட்ட புனைபெயர் ஜி.ஜி. மராஜ். அந்த இரண்டு எழுத்துகளின் விரிவு கங்குங்குரு. மராஜ் நம் மகராஜ்தான். இது எங்கிருந்து வந்தது? 1845 மே 10-ஆம் தேதி ஓல்ட் ஹார்பர் பே என்ற துறையில் ‘பிளண்டல்’ கப்பல் முதல் இந்தியக் கூலிகளை இறக்கியது. அடுத்த எழுபது ஆண்டுகளில் சுமார் 36,000 பேர் போனார்கள். போஜ்பூர்ப் பக்கத்து மக்கள் அதிகம், சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள் குறைவு. கரும்புத் தோட்டத்தில் இவர்களோடு வேலை செய்த கறுப்பினத்தவர்கள் கஞ்சாவையும் சிலும்பியையும் சாதுக்களின் ஜடாமுடியையும் பார்த்தார்கள். மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ்டன் மோனா வளாகத்தில் பணியாற்றிய அஜய் மான்சிங், லட்சுமி மான்சிங் தம்பதி, ராஸ்தா வழிபாட்டில் இந்து மதத்தின் பங்கு மிகப் பெரிது என்று 1980-களில் எழுதினார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம். கஞ்சாவும் அதன் பெயரும் நம்மிடமிருந்து போனவை, சந்தேகமில்லை. ஜடாமுடிக்கு ஆப்பிரிக்காவிலேயே முன்மாதிரிகள் உண்டு. கடவுள் கொள்கையோ முழுக்க முழுக்க பைபிள். எதைக் கண்டாலும் நம்மிடமிருந்து போனது என்று உரிமை கொண்டாடும் பழக்கம் நமக்கு உண்டு. அதைக் கொஞ்சம் அடக்கிக்கொள்வது நல்லது.

ராஸ்தாக்களை ஜமைக்காவின் கனவான்கள் அருவருத்தார்கள். வேலை கிடைக்காது, பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள், போலீஸ் பிடித்தால் முதலில் சடையை வெட்டும். 1963-இல் கோரல் கார்டன்ஸ் கலவரத்தைத் தொடர்ந்து தீவு முழுவதும் அவர்களை வேட்டையாடியது அரசு. மூன்றே வருடம் கழித்து, 1966 ஏப்ரல் 21-ஆம் தேதி, அதே அரசு செலாசியை விருந்தினராக அழைத்தது. பாலிசாடோஸ் விமான நிலையத்தில் ஒரு லட்சம் பேர் கூடிவிட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. விமானம் நிற்பதற்குள் கூட்டம் ஓடுதளத்துக்குள் புகுந்தது. கதவைத் திறந்து பார்த்த பேரரசர் மறுபடி உள்ளே போய்விட்டார். மார்ட்டிமர் பிளானோ என்ற ராஸ்தா மூப்பர் படியேறிப் போய்க் கூட்டத்தை விலக்கி அவரை இறக்கினார். வரவேற்புக்கு வந்து நின்ற மந்திரிகளும் கம்பளமும் எங்கே போயின என்றே தெரியவில்லை. சடை வளர்த்தவனைத் தெருவில் கண்டால் விரட்டிய நாட்டில், ராஜாவை இறக்கிவிட ஒரு சடைக்காரர்தான் தேவைப்பட்டார். ஏப்ரல் 21 இன்றும் ராஸ்தாக்களுக்குப் பெருநாள்.

அடுத்த சில ஆண்டுகளில் கிங்ஸ்டன் பாட்டுக்காரர்களிடம் ராஸ்தா நம்பிக்கை பரவியதற்கு அந்த நாளே பெரிய காரணம். அப்படிப் பரவிய வீடுகளில் ஒன்று மேனிங் வீடு. கார்ல்டன், டொனால்ட், லின்ஃபர்ட் என்று மூன்று சகோதரர்கள். ‘கார்ல்டன் அண்ட் த ஷூஸ்’ என்ற குழுவில் சேர்ந்து பாடினார்கள். 1968-இல் ‘லவ் மி ஃபார்எவர்’ என்ற காதல் பாட்டு அவர்களுக்குப் பெரிய வெற்றி. அந்தத் தட்டின் மறுபக்கத்தில் ‘ஹேப்பி லேண்ட்’ என்ற பாட்டு இருந்தது. தொலைவில் ஒரு நாடு இருக்கிறது, அங்கே துயரமில்லை என்று ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில் பாடுகிற வகை. அந்தப் பக்கத்தை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

கவனித்தவர்கள் டொனால்டும் அவருடைய நண்பர் பெர்னார்ட் காலின்ஸும். அவர்கள் லின்ஃபர்டையும் சேர்த்துக்கொண்டு மூவர் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். பெயர் ‘அபிசீனியன்ஸ்’. டொனால்ட் புத்தகம் வைத்து அம்ஹாரிக் மொழி படித்துக்கொண்டிருந்தார். ‘ஹேப்பி லேண்ட்’ பாட்டின் எலும்புக்கூட்டை எடுத்து அதற்குப் புது உடம்பு கொடுத்தார்கள். தூரத்து நாடு எத்தியோப்பியா ஆயிற்று, அங்கே அரசாள்பவர் ராஜாதி ராஜன் ஆனார், ஏழு முத்திரையிட்ட புத்தகம் வந்து சேர்ந்தது. பல்லவிக்கு அம்ஹாரிக்கில் இரண்டு சொற்களை வைத்தார்கள்: ‘சட்டா மசகானா’. துதி செலுத்தினார் என்று பொருள். அடிஸ் அபாபாக்காரர் அந்தச் சொற்களை இந்த வரிசையில் அடுக்க மாட்டார். அதைப் பற்றிக் கிங்ஸ்டனில் கவலைப்பட யாருமில்லை.

1969-இல் பிரெண்ட்ஃபர்ட் சாலை 13-ஆம் எண்ணில் இருந்த ஸ்டுடியோ ஒன் கூடத்தில் பாட்டு பதிவாயிற்று. கூடத்தின் சொந்தக்காரர் கிளெமண்ட் டாட். ஊர் வைத்த பெயர் காக்ஸன். பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவின் முதல் தட்டுகளும் இந்த டாட்டிடம்தான் பிறந்தன. வாத்தியக்காரர்கள் நாள் கூலிக்கு வாசிப்பார்கள். பாடுகிறவர்கள் வரிசையில் காத்திருப்பார்கள். ஒரு பாட்டைச் சரியாக எடுக்க ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். புதியவர்களைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கிற வேலையும் பேஸ் கிட்டார் வாசிக்கிற வேலையும் லிராய் சிபில்ஸ் கையில் இருந்தன. அதே நாட்களில் மூவரும் அங்கே பதிந்த ‘டிக்ளரேஷன் ஆஃப் ரைட்ஸ்’ பாட்டில் பின்குரலும் சிபில்ஸுடையதே.

டாட் ‘சட்டா மசகானா’வைக் கேட்டார், நாடாவைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டார். விற்காது என்பது அவர் தீர்ப்பு. அவரை மடையர் என்று பிற்காலத்தில் பலரும் எழுதிவிட்டார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டேன். 1969-இன் கடைத்தெருவை நினைத்துப் பாருங்கள். அந்த ஏப்ரலில் டெஸ்மண்ட் டெக்கரின் ‘இஸ்ரேலைட்ஸ்’ இங்கிலாந்தில் முதலிடம் பிடித்திருந்தது. ரெகே அப்போது வேகமான ஆட்டப் பாட்டு. ஆர்கன் துள்ளும், கால் நிற்காது. மொட்டையடித்த வெள்ளைக்காரப் பையன்கள் லண்டனில் அதற்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தைக்கு நடுவே மூன்று பேர் வந்து, நடந்துபோகிற வேகத்தில், மைனரில், யாருக்கும் புரியாத மொழியில் சங்கீதம் பாடினால் எந்த வியாபாரி வாங்குவார்? டாட் கணக்குத் தெரிந்த மனிதர். அந்தக் கணக்கு அடுத்த ஆறேழு ஆண்டுகளில் மாறும் என்று அவருக்கு மட்டுமல்ல, யாருக்குமே தெரிந்திருக்கவில்லை.

1971-இல் மூவரும் காசு சேர்த்துக்கொண்டு டாட்டிடம் போய்த் தங்கள் நாடாவைத் தாங்களே விலைக்கு வாங்கினார்கள். விலை 90 பவுண்டு. ஜமைக்கா 1969 செப்டம்பரிலேயே டாலருக்கு மாறிவிட்டது, ஆனாலும் இந்தக் கதையை யார் சொன்னாலும் பவுண்டில்தான் சொல்கிறார்கள். ‘கிளிஞ்ச்’ என்று சொந்தமாக ஒரு லேபிள் தொடங்கித் தட்டை அச்சடித்தார்கள். விற்றது. விற்றுக்கொண்டே இருந்தது.

வானொலி இதில் பெரிய உதவி செய்யவில்லை. ராஸ்தா பாட்டுகளை ஒலிபரப்பத் தீவின் நிலையங்களுக்கு மனமில்லை. தூக்கிச் சுமந்தவை சவுண்ட் சிஸ்டம்கள். நம் ஊர்த் திருவிழா மைக் செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூம்பு ஸ்பீக்கருக்குப் பதில் அலமாரி உயரத்துக்குப் பெட்டிகள், கீச்சுக்குப் பதில் வயிற்றில் உதைக்கிற பேஸ். வாடகை மைதானத்தில் சனிக்கிழமை இரவு கூட்டம் கூடும். எந்தப் பாட்டுக்குக் கூட்டம் கூச்சலிடுகிறதோ அதை ஊசியைத் தூக்கி மறுபடி முதலிலிருந்து போடுவார்கள். இந்தப் பாட்டுக்குக் கூச்சல் குறைவு. கூடவே பாடினார்கள். நைபிங்கி என்கிற ராஸ்தா வழிபாட்டுக் கூட்டங்களில் முழவுகளோடு இதைப் பாடத் தொடங்கியபின், எழுதியவர்கள் யார் என்பதே பலருக்கு மறந்துவிட்டது.

அந்த 1969 பதிவைக் கொஞ்சம் பக்கத்தில் போய்க் கேட்போம். பாட்டைத் தாங்குவது பேஸ். அது தாளத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருக்காமல் தனக்கென்று ஒரு மெட்டு வைத்துக்கொண்டு நடக்கிறது. கிட்டார் எதிர்த்தட்டில் மட்டும் சுருக்கென்று வெட்டிவிட்டு நகர்ந்துவிடும். பித்தளை வாத்தியங்கள் தொடக்கத்தில் ஒரு சிறு வாசகத்தை வாசித்துவிட்டு ஒதுங்கி நிற்கின்றன. காலின்ஸின் முன்குரலில் அலங்காரம் கிடையாது. கமகம் என்று நாம் சொல்கிற எதுவும் இல்லை, ஏறக்குறைய பேச்சு. சகோதரர்கள் இருவரும் அதற்குப் பின்னால் நிற்கிறார்கள். ஒரே வீட்டுக் குரல்கள் என்பதால் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. நம் தேவாலயக் கீர்த்தனைகளை ஊர்ச் சபையில் கேட்டவர்களுக்கு இந்தக் கனம் பழக்கமானது. துக்கமா துதியா என்று சொல்ல முடியாத ஒரு தொனி.

பாட்டு பெரிதானதும் அதன் தாளக்கட்டு எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது. பீட்டர் டோஷ் அதன்மேல் ‘ஹியர் கம்ஸ் த ஜட்ஜ்’ என்று ஒரு விசாரணை நாடகம் நடத்தினார். அடிமை வணிகத்துக்கு வழிதிறந்த மாலுமிகளைக் கூண்டில் ஏற்றினார். பிக் யூத் அதன்மேல் பேசினார். தேர்ட் வேர்ல்ட் குழு 1976-இல் தங்கள் முதல் ஆல்பத்தில் அதைப் பாடியது. பிரதிகளைக் கணக்கெடுப்பவர்கள் நூறைத் தாண்டியபின் எண்ணுவதை நிறுத்திவிடுகிறார்கள். இதற்கெல்லாம் மூவருக்கும் காசு வந்ததா? ஜமைக்காவில் 1993 வரை நடைமுறையில் இருந்தது பிரிட்டன் 1911-இல் போட்ட பழைய காப்புரிமைச் சட்டம். தாளக்கட்டை எடுத்துக்கொண்டதற்குக் கூலி கேட்கிற வழக்கமே அங்கே இல்லை. ஒரு பாட்டு நூறு பாட்டாகப் பெருகியதும் இதனால்தான், பாடியவர்கள் ஏழையாகவே இருந்ததும் இதனால்தான். ஒன்றை மெச்சிவிட்டு மற்றதை மறந்துவிட என்னால் முடிவதில்லை.

இதற்கிடையில் ராஜாவுக்குக் கெட்ட காலம் வந்துவிட்டது. 1973-இல் வொல்லோ மாகாணத்துப் பஞ்சத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். அரண்மனை அதை மூடிமறைத்தது. 1974 செப்டம்பர் 12-ஆம் தேதி ராணுவக் குழு செலாசியைப் பதவியிறக்கி ஒரு ஃபோக்ஸ்வாகன் காரில் ஏற்றிக்கொண்டு போனது. 1975 ஆகஸ்ட் 27-ஆம் தேதி அவர் இறந்தார். உடல்நலக் குறைவு என்று அறிவித்தது அரசு. கொன்றுவிட்டார்கள் என்றது உலகம். எத்தியோப்பியக் கொடியிலிருந்து கிரீடம் சூடிய சிங்கம் நீக்கப்பட்டது. சத்ய மார்க்கில் பறக்கிற கொடியில் இன்று இருப்பது நீல வட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம். சிங்கக் கொடியைப் பார்க்க வேண்டுமானால் ஜமைக்காவுக்குத்தான் போக வேண்டும். சட்டை, சுவர், மிதிவண்டி, கல்லறை என்று அங்கே அது இல்லாத இடமில்லை.

கடவுள் இறந்த செய்தியை ராஸ்தாக்கள் நம்பவில்லை. மார்லி சில வாரங்களிலேயே ‘ஜா லிவ்’ பாட்டை வெளியிட்டார். ஊரெல்லாம் இந்தச் சர்ச்சை ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அபிசீனியன்ஸ் தங்கள் முதல் ஆல்பத்துக்காக ஸ்டுடியோவுக்குள் போனார்கள். பாட்டு பிறந்து ஏழு ஆண்டு கழித்து அதன் பெயரில் ஆல்பம், அதுவும் பாடப்பட்டவர் மறைந்தபின். ரெகே வரலாற்றில் இதைவிட விசித்திரமான தாமதம் எனக்குத் தெரிந்து இல்லை.

1976 ஜமைக்காவுக்குக் கொடிய ஆண்டு. டிசம்பர் தேர்தலை நோக்கி மைக்கேல் மேன்லியின் கட்சியும் எட்வர்ட் சியகாவின் கட்சியும் பேட்டை பேட்டையாகத் துப்பாக்கி தூக்கின. ஜூன் 19-ஆம் தேதி நெருக்கடி நிலை பிரகடனமானது. டில்லியில் நம் நெருக்கடி நிலைக்கு அப்போது ஏறக்குறைய ஒரு வயது. அந்த ஏப்ரல் 21-ஆம் தேதி, செலாசி வந்திறங்கிய பத்தாம் ஆண்டு நிறைவு நாளில், கிங்ஸ்டன் சபைனா பார்க்கில் தொடங்கியது ஒரு டெஸ்ட் மேட்ச். பழைய கிரிக்கெட் ரசிகர்களுக்கு நினைவிருக்கும். மேற்கிந்திய வேகப்பந்து வீச்சில் கெய்க்வாட்டுக்குக் காதில் அடி, பிரிஜேஷ் படேலுக்கு வாயில், விஸ்வநாத்துக்கு விரலில். இரண்டாம் இன்னிங்ஸில் ஐந்து பேர் ஆட முடியாமல் 97 ரன்னோடு பேடி கடையை மூடினார். வெங்கட்ராகவனும் நம் அணியில் இருந்தார். நம்மவர்கள் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அதே ஊரில், அதே ஆண்டில்தான் இந்த ஆல்பம் உருவானது.

ஆல்பத்துக்கு இசை ஒழுங்கு செய்தவர் கிளைவ் ஹண்ட். ஜமைக்கா ராணுவ பேண்டில் ட்ரம்பெட் பயின்ற இளைஞர், அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தார். ஸ்லை டன்பரின் டிரம்ஸும் ராபி ஷேக்ஸ்பியரின் பேஸும் வந்து சேர்ந்தன; பிற்காலத்தில் உலகம் ஒரே மூச்சில் சொல்லப்போகிற ஜோடி. ‘சட்டா மசகானா’வையும் ‘டிக்ளரேஷன் ஆஃப் ரைட்ஸ்’ஸையும் புதிதாகப் பாடினார்கள். கூடவே ‘ஆபெண்டிகோ’, ‘ஒய் மாஸ் கான்’, ‘பிளாக் மேன்ஸ் ஸ்ட்ரெய்ன்’, ‘ஆஃப்ரிக்கன் ரேஸ்’. ‘ஒய் மாஸ் கான்’ தலைப்பும் அம்ஹாரிக்தான். ஆபெண்டிகோ நம் பைபிளின் ஆபேத்நேகோ, நேபுகாத்நேச்சாரின் சூளையில் வேகாமல் வெளிவந்த மூவரில் ஒருவர். மூவர் பாடுகிற குழுவுக்குப் பொருத்தமான தேர்வு.

ஹண்ட் செய்த கெட்டிக்காரத்தனம், அடக்கம். பத்துப் பாட்டுக்கும் ஏறக்குறைய ஒரே வேகம், ஒரே நிறம். வாத்தியங்கள் மூன்று குரலுக்குக் கீழேயே நிற்கின்றன. முதல் முறை கேட்பவருக்கு எல்லாம் ஒரே பாட்டு மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். ஒரு பூசையில் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு கேட்டால் அந்தக் குறை போய்விடும். தலைப்புப் பாட்டில் மட்டும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. 1976 பதிவு சுத்தமானது, குரல்கள் தெளிவு, பேஸ் உருண்டு திரண்டிருக்கிறது. ஆனாலும் 1969-இன் கரகரப்பில் இருந்த அவசரமும் அச்சமும் அதில் இல்லை. தாங்கள் பாடுவது இன்னும் கீதமாகாத நாளில் பாடிய குரலுக்கும், கீதமாகிவிட்டது என்று தெரிந்தபின் பாடிய குரலுக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும். ‘டிக்ளரேஷன் ஆஃப் ரைட்ஸ்’ கதை வேறு. எழுந்து நின்று உன் உரிமைக்குப் போராடு என்று சொல்கிற அந்தப் பாட்டு புதுப்பதிவில் கூடுதலாக முறுக்கேறியிருக்கிறது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட ஊரில் அதைக் கேட்டவர்கள் அதை வெறும் பக்திப்பாட்டாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வரவேற்பு எப்படி? ஜமைக்காவில் ஆல்பம் என்பதே வசதி உள்ளவன் வாங்குகிற பொருள். மற்றவர்கள் சிங்கிள் வாங்குவார்கள், அல்லது மைதானத்தில் கேட்டுக்கொள்வார்கள். லண்டனில் தட்டு வேறு தலைப்பில், ‘ஃபார்வர்ட் ஆன் டு சயான்’ என்று வெளிவந்தது. தலைப்பை மாற்றியதில் பாதிப் பேருக்கு அது எந்த ஆல்பம் என்றே தெரியாமல் போயிருக்கும். அந்த ஆண்டின் கூட்ட நெரிசலும் சாதாரணமல்ல. பர்னிங் ஸ்பியரின் ‘மார்கஸ் கார்வி’ சற்று முன்னால் வந்திருந்தது. மார்லியின் ‘ராஸ்தமேன் வைப்ரேஷன்’ அமெரிக்கப் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தது. அதில் உள்ள ‘வார்’ பாட்டு செலாசி 1963-இல் ஐக்கிய நாடுகள் சபையில் ஆற்றிய உரையிலிருந்து எடுத்தது. மார்லிக்கு ஐலண்ட் கம்பெனியின் விளம்பரப் பணம் இருந்தது. அபிசீனியன்ஸுக்கு இருந்தது ஒரு பாட்டின் புகழ். 1978-இல் விர்ஜின் கம்பெனியின் துணை லேபிளில் ‘அரைஸ்’ என்ற இரண்டாவது ஆல்பம் வந்தது. அதோடு மூவரும் பிரிந்தார்கள்.

ஆல்பத்துக்குச் செவ்வியல் தகுதி மெல்லத்தான் வந்தது. 1993-இல் ஹார்ட்பீட் கம்பெனி கூடுதல் பாட்டுகளோடு குறுந்தட்டாக மறுபதிப்புச் செய்தபோது ஒரு புதுத் தலைமுறை அதைக் கண்டெடுத்தது. ரூட்ஸ் ரெகேயின் முதல் வரிசை என்று யார் பட்டியல் போட்டாலும் இன்று இந்தத் தட்டு இருக்கும். மார்லியைப் போல அதற்குச் சட்டைப் படமோ தேநீர்க் கோப்பையோ வாய்க்கவில்லை என்பதை நான் குறையாக நினைக்கவில்லை.

இந்தியாவுக்கு இந்த ஆல்பம் வந்த கதை என்று தனியாக ஒன்றும் கிடையாது. ரெகே நமக்குப் பின்வாசல் வழியாக வந்தது. போனி எம் குழுவின் ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ 1978-க்குப் பிறகு நம் டீக்கடை வரை வந்துவிட்டது. அது 1970-இல் மெலோடியன்ஸ் பாடிய ராஸ்தா பாட்டு, 137-ஆம் சங்கீதம் என்று யாரும் சொல்லித்தரவில்லை. 1996-இல் ‘லவ் பேர்ட்ஸ்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் அப்பாச்சி இந்தியன் வந்து ‘நோ ப்ராப்ளம்’ பாடிவிட்டுப் போனார். டில்லியில் 2009 வாக்கில் ‘ரெகே ராஜாஸ்’, ‘ஸ்கா வெஞ்சர்ஸ்’ என்று இளைஞர் குழுக்கள் கிளம்பியபின்தான், ஜமைக்கா பாணியில் பெட்டிகளை அடுக்கிப் பழைய ரூட்ஸ் தட்டுகளைப் போட்டு ஆடுகிற வழக்கம் இங்கே வந்தது. ஜமைக்கா அரசு டில்லிக்கு வர இன்னும் தாமதமாயிற்று. 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் வந்தபோது அவர்கள் தூதரகம் இருக்கிற தெருவுக்கு ஜமைக்கா மார்க் என்று பெயர் வைத்தார்கள். அதுகூட சாணக்யபுரியில் இல்லை, வசந்த் விஹாரில். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் கிங்ஸ்டனில் ஒரு தெருவுக்கு அம்பேத்கர் பெயர் வைத்திருந்தார்கள்.

பேரரசரின் எலும்புகளை 1992-இல் அடிஸ் அபாபா அரண்மனை வளாகத்தில் தோண்டி எடுத்தார்கள். 2000 நவம்பர் 5-ஆம் தேதி ஹோலி டிரினிட்டி பேராலயத்தில் முறைப்படி அடக்கம் செய்தார்கள். ரீட்டா மார்லி போயிருந்தார். பெரும்பாலான ராஸ்தாக்கள் அந்தப் பக்கமே போகவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அடக்கம் செய்ய அங்கே எதுவும் இல்லை.

மேலே ஓரிடத்தில் வந்துபோன அப்பாச்சி இந்தியன் பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர், பஞ்சாபிப் பெற்றோரின் பிள்ளை. அதே பேட்டையில் 1975-இல் பள்ளிக்கூடப் பையன்கள் சிலர் ‘ஸ்டீல் பல்ஸ்’ என்று ஒரு குழு தொடங்கினார்கள். அடுத்த இதழில் அவர்களுடைய ‘ஹேண்ட்ஸ்வொர்த் ரெவல்யூஷன்’.